கம்ஸினாவின் பழைய இடுப்பு

ஜோக்ஜகார்த்தா
2 ஏப்ரல் 1996

பர்த்திலா,

சலாம் சொல்லிக் கடிதத்தைத் தொடங்க மனம் வரவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை.

எனக்கு இடுப்பு மூட்டு மாற்றி அன்று இரண்டாம் நாள். கையில் குழாய் வழியே மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கூடப் பிறந்தவள் பையைத் தூக்கிக்கொண்டு லம்புங்குக்குப் பஸ் ஏறிவிட்டாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பக்கத்து வீட்டு டர்மி கேட்டாள். உன் மிளகுத் தோட்டத்தில் களையெடுக்க ஆள் இல்லை என்று நானே உனக்காகப் பொய் சொல்லிவைத்தேன்.

வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. பயிற்சி சொல்லித்தர ஹெரு என்று ஒருவன் வருகிறான். ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி என் கட்டிலுக்கு எதிரே மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். முழங்கால் இடுப்பைவிட உயரக் கூடாதாம். கால்மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. குனியவே கூடாது.

"குனிஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"உள்ள வச்ச உருண்டை குழியை விட்டு நழுவிடும், அம்மா. அப்புறம் மறுபடியும் கத்திதான்."

"முப்பத்தெட்டு வருஷமா தரையோட தரையா குந்தி உட்கார்ந்து பலாக்காய் குடெக் சமைச்சு வித்தவ நான். என்கிட்ட வந்து குனியாதேங்கறியா?"

"அதனாலதான் தேஞ்சுபோச்சு," என்கிறான். சிரிக்கக்கூட இல்லை.

நாற்காலியை உயர்த்த அதன் கீழே நாலு மரக்கட்டை. தொழுகையும் அதில் உட்கார்ந்துதான். நெற்றி தரையில் படாமல் தொழுவது தொழுகை மாதிரியே இல்லை.

கீழே விழுந்ததை எடுக்க, டர்மியின் கணவர் மூங்கில் கழியில் கொக்கி வைத்துக் கொடுத்தார். அதற்கு வேலையே வரவில்லை. சீப்பு விழும், சற்றுக் கண்ணயர்ந்து எழுந்தால் மேஜைமேல் இருக்கும். மாத்திரை அட்டையும் அப்படித்தான். டர்மிக்கு நன்றி சொன்னால், "நான் காலையில கஞ்சி கொடுக்க வந்ததோட சரி," என்கிறாள். அவளுக்கும் வயதாகிவிட்டது, மறந்துபோகிறது.

ஒன்று கேட்க வேண்டும். வெட்டியெடுத்த எலும்பை உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போய்விட்டார் என்று தாதி சொன்னாள். அது நீதானே? எங்கே புதைத்தாய்? அறுபத்திரண்டு வருடம் என்னைச் சுமந்த எலும்பு, எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மற்றபடி, அம்மா பக்கத்து இடத்தைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான்.

கம்ஸினா

&nbsp;

லம்புங்
11 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொல்லாவிட்டாலும் நான் சலாம் சொல்கிறேன். எழுத்து நன்றாக நேராக இருக்கிறது. அதிலிருந்தே உடம்பு தேறுவது தெரிகிறது.

நான் ஏன் பஸ் ஏறினேன் என்று ஊருக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியும். கல்லறையில் அம்மா பக்கத்தில் ஒரே ஓர் இடம் மிச்சம் இருக்கிறது. கடைசியில் அங்கே வந்து படுக்க வேண்டும் என்று நான் கேட்டேன். இருபது வருடமாகத் தோட்டக் காட்டில் கிடப்பவள் வேறு எதைக் கேட்பேன்? "நீ ஊரை விட்டுப் போனவ. உன் மிளகுக் கொடிக்கு அடியிலயே படு," என்றீர்கள். வலியில் சொன்னது என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். இப்போது வலி இல்லாதபோதும் அதையே எழுதுகிறீர்கள்.

எலும்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வெள்ளைத் துணியில் சுற்றி, முறையாகப் புதைத்தாயிற்று. சுத்தமான இடம்.

ஹெரு சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். யாரும் பார்க்காத நேரத்தில் அடுப்பைப் பார்க்கிறேன் என்று அந்தக் குட்டை மணையில் உட்கார்ந்துவிடுவீர்கள். அந்த மணையை டர்மி வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுங்கள்.

உங்கள் தங்கை
பர்த்திலா

&nbsp;

ஜோக்ஜகார்த்தா
24 ஏப்ரல் 1996

பர்த்திலா,

சுத்தமான இடமா? எவ்வளவு சுத்தம் என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிட்டது.

மாலை நாலு மணி இருக்கும். வாசலில் கல்லறை காவல் பார்க்கும் ஸோமோ நிற்கிறார். கையில் மூங்கில் பெட்டி, அதில் மஞ்சள் சோறு, கோழி, வாழைப்பழம். நான் கைத்தடியை ஊன்றி எழுந்து வருவதற்குள் பெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"கம்ஸினா அம்மா," என்கிறார். "நீங்க எதுக்கு எழுந்து வந்தீங்க?"

"என் வீட்ல நான் எழுந்திருக்கக் கூடாதா?"

"இன்னைக்கு உங்களுக்கு நாற்பதாம் நாள்," என்றார். "ஓதிட்டு, வீட்டுக்காரங்களுக்குச் சோறு கொண்டாந்தேன்."

எனக்கு நாற்பதாம் நாள்! மூன்றாம் நாள் ஓதியாகிவிட்டது. ஏழாம் நாள் ஓதியாகிவிட்டது. அம்மா பக்கத்தில் ஒரு மரப்பலகை நட்டிருக்கிறார், அதில் என் பெயர். சின்ன மேடுதான், ஆனாலும் அது என் மேடு. என் தங்கை வந்து அழுதுகொண்டே சொன்னாளாம், உடம்பு ஆஸ்பத்திரியிலிருந்து வராது, இதுதான் கிடைத்தது, இதைப் புதையுங்கள் என்று.

நீ என்ன செய்தாய்?

இன்னொன்று. இதை நான் டர்மியிடம்கூடச் சொல்லவில்லை. போன வாரம் சந்தையில் காய் விற்கிறவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ்வளவு சீக்கிரம் கடை போட்டுட்டீங்களே, யாருக்கு வரும் அந்தத் தெம்பு! நேத்து குடெக்ல இனிப்பு சரியா இருந்துச்சு," என்றாள். நான் வீட்டுப் படி இறங்கி ஐந்து வாரம் ஆகிறது. அவளை அனுப்பிவிட்டு அடுக்களைக்குப் போனேன். அடுப்பில் சாம்பல் கதகதவென்று இருந்தது. மணையைக் கைத்தடியால் தொட்டுப் பார்த்தேன். கையால் தொட என்னால் குனிய முடியாது.

உடனே எழுது. எழுதுவதை மறைக்காமல் எழுது.

கம்ஸினா

&nbsp;

லம்புங்
3 மே 1996

அக்கா,

மறைக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

அன்று காலை நீங்கள் அப்படிச் சொன்னபோது, என் மடியில் அந்தப் புட்டி இருந்தது. தாதி கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். உங்கள் எலும்பின் உருண்டை, ஒரு பக்கம் தேய்ந்து, பழைய குழவிக்கல் மாதிரி. நான் எழுந்து வெளியே வந்தேன். வீட்டுக் கொல்லையில் புதைத்துவிட்டு ஊருக்குப் போகலாம் என்றுதான் கிளம்பினேன். நடக்க நடக்கக் கோபம் ஏறியது. அந்த இடம்தானே வேண்டும், இன்றைக்கே எடுத்துக்கொள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கல்லறைக்குப் போனேன்.

ஸோமோ ஒத்துக்கொள்ளவில்லை. "துண்டு எலும்புக்கெல்லாம் அம்மா பக்கத்து இடமா? மதிலோரமா வைங்க. அது ஆளுக்குரிய இடம்," என்றார். அப்போதுதான் சொன்னேன். என் அக்கா இறந்துவிட்டாள் என்று சொன்னேன். அவர் பெயர் கேட்டார். முழுப்பெயரும் சொன்னேன், அப்பா பெயரோடு. சொல்லும்போது அழுகை வந்தது, அக்கா. பொய்யழுகை இல்லை. பிறகு நூறாம் நாள்வரை ஓதச் சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ் கப்பலேறிக் கடலைத் தாண்டும்போதே செய்தது தவறு என்று தெரிந்துவிட்டது. திரும்பி வர வெட்கம். நாள் போகப் போக வெட்கம் பெரிதாகிவிட்டது.

உங்கள் கால்களைப் பிடித்துக் கேட்கிறேன், மன்னித்துவிடுங்கள். தோண்டி எடுக்கச் சொல்லுங்கள். பலகையைப் பிடுங்கி எரிக்கச் சொல்லுங்கள்.

மணையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று அன்றைக்கே எழுதினேனே. ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?

பர்த்திலா

&nbsp;

ஜோக்ஜகார்த்தா
16 மே 1996

பர்த்திலா,

மணையை இரண்டு முறை டர்மி வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டு முறையும் மறுநாள் அடுப்புக்கு முன்னால் இருந்தது. டர்மி அதற்குப் பிறகு உள்ளே வருவதில்லை. கஞ்சியை வாசலிலேயே வைத்துவிட்டுக் குரல் கொடுக்கிறாள்.

நான் அவளைப் பார்த்துவிட்டேன்.

மதியம், வெயில் சாய்கிற நேரம். நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறேன். எதிரே அலமாரிக் கண்ணாடி. அதில் என் முதுகுக்குப் பின்னால் அடுக்களை தெரியும். மணையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முழங்கால் இரண்டும் தோளுக்கு உயர்ந்து, முதுகு வளைந்து, முகம் அடுப்பின் பக்கம். விசிறியை ஆட்டுகிற கை என் கை. என் பழுப்பு பாடிக் கைலி, இரண்டு வருடத்துக்கு முன் கிழிந்ததென்று நான் தூக்கிப் போட்ட கைலி, அதுதான் அவள் இடுப்பில் இருந்தது.

திரும்பிப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. இடுப்பைத் திருகக் கூடாது. முதலில் நல்ல காலை ஊன்றி எழ வேண்டும். பிறகு சின்னச் சின்ன அடியாக, உடம்போடு சேர்ந்து முழுதாகத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பி முடிப்பதற்குள் அடுக்களை காலி. நாலு நாள் இப்படியே நடந்தது. ஐந்தாம் நாள் நான் திரும்பும்வரை அவள் போகவில்லை. எழுந்து நின்றாள். இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து இரண்டு அடி நடந்தாள். அறுவைக்கு முன் நான் நடந்த நடை. மறுபடி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் மணையைத் தட்டிக் காட்டினாள். வா, உட்கார் என்கிற மாதிரி.

உண்மையைச் சொல்கிறேன், உட்கார ஆசையாக இருந்தது. ஒன்பது வாரமாக ஒரு முறைகூட உடம்பை மடக்கவில்லை. முழங்கால் தானாக வளையத் தொடங்கிவிட்டது. கைத்தடி வழுக்கிச் சுவரில் மோதியதால்தான் சுதாரித்தேன்.

டர்மியின் கணவரை அனுப்பி ஸோமோவை வரவழைத்தேன். தோண்ட மாட்டேன் என்கிறார்.

"மூணு தடவை ஓதியாச்சு, அம்மா. மண்ணுக்குப் பேர் தெரிஞ்சுபோச்சு. இப்ப உள்ள இருக்கிறதை எடுத்தா, ஆள் எங்கேன்னு கேக்கும். நூறாம் நாள் அன்னைக்குப் பேர்க்காரங்க வந்து சேர்ந்தாகணும்."

"நான் உசிரோட இருக்கேனே!"

"அது எனக்கும் உங்களுக்கும் தெரியும்," என்றார். "வேற வழின்னா, பலகையில வேற பேர் வைக்கணும். அந்தக் குடும்பத்துப் பேரா இருக்கணும்."

அந்தக் குடும்பத்தில் மிச்சமிருப்பது நாம் இரண்டு பேர். நீ எதுவும் செய்யாதே. இதை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த இடமும் எனக்கு வேண்டாம், உனக்கே இருக்கட்டும். சண்டை முடிந்தது என்று வைத்துக்கொள்.

கம்ஸினா

&nbsp;

லம்புங்
27 மே 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டாம். நானே பார்த்துக்கொண்டேன். உங்கள் கடிதம் வந்த அன்றே ஸோமோவுக்கு எழுதிவிட்டேன். கம்ஸினா என்பதை அழித்துவிட்டுப் பர்த்திலா என்று எழுதச் சொல்லி, அப்பா பெயரும் சேர்த்து, என் கையெழுத்தோடு.

திட்டாதீர்கள். உங்கள் பெயரை அங்கே கொண்டுபோய் வைத்தது நான். எடுக்க வேண்டியதும் நான்தான். அந்த இடம் எனக்கு வேண்டும் என்றுதானே அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன்? கிடைத்துவிட்டது. எத்தனை பேருக்கு உயிரோடு இருக்கும்போதே இடம் உறுதியாகிறது?

எனக்கு ஒன்றும் ஆகாது. நடுவில் கடல் இருக்கிறது. ஸோமோ வயதானவர், எதையாவது சொல்வார்.

நூறு நாள் முடியட்டும். நீங்கள் நன்றாக நடக்கத் தொடங்கியதும் ஒரு தடவை இங்கே வாருங்கள். பஸ்ஸில் உயரமான இருக்கையாகப் பிடிக்கச் சொல்கிறேன். உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

பர்த்திலா

&nbsp;

ஜோக்ஜகார்த்தா
6 ஜூன் 1996

என் பர்த்திலா,

முட்டாள், முட்டாள். எழுதிவிட்டு அதை எனக்குப் பெருமையாகச் சொல்கிறாய்.

ஸோமோ பலகையை மாற்றிவிட்டார். பழையபடி மாற்று என்று கெஞ்சினேன். "பேர்க்காரங்களே வந்து சொன்னாத்தான் எடுப்பேன்," என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

மாற்றிய அன்றிலிருந்து வீட்டில் யாரும் இல்லை. விழுந்த சீப்பு விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. மூங்கில் கொக்கியால் நானே எடுக்கிறேன். சாம்பல் குளிர்ந்துபோயிருக்கிறது. சந்தையில் விசாரிக்கச் சொன்னேன், கடை போடவில்லையாம். டர்மி மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்து பேசுகிறாள். நான் சந்தோஷப்பட வேண்டும். என்னால் முடியவில்லை. அவள் இங்கே இல்லையென்றால் எங்கே போனாள்?

எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை நாள் எனக்காகப் பயப்படவில்லை, கோபம்தான் பட்டேன். இப்போது பயம்.

நூறாம் நாள் இருபதாம் தேதி, வியாழக்கிழமை. அது கழியும்வரை நீ லம்புங்கை விட்டு அசையாதே. கடலைத் தாண்டாதே. யார் கூப்பிட்டாலும் வராதே. நானே அங்கு வந்து உன் பக்கத்தில் இருந்திருப்பேன். ஆனால் இருபத்தோராம் தேதி டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை பஸ்ஸில் உட்காரக் கூடாது. வீட்டு வாசலைத் தாண்டி நான் எங்கேயும் போகவில்லை, போகவும் மாட்டேன்.

இது கிடைத்த உடனே இரண்டு வரி எழுது.

உன் அக்கா

&nbsp;

லம்புங்
15 ஜூன் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேருவதற்குள் இந்தக் கடிதம் உங்கள் மேஜையில் இருக்க வேண்டும் என்று ஆசை. பக்கத்துத் தோட்டத்து மர்ஜுகி இன்று ஜோக்ஜாவுக்குப் போகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலை நம்பினால் பத்து நாள் ஆகும். உங்களிடமிருந்துகூட இந்த மாதம் கடிதமே வரவில்லை. நேரில் வரப்போகிறவர் எதற்கு எழுதப்போகிறீர்கள் என்று இப்போது புரிகிறது.

புதன்கிழமை மதியம் பார்த்தால் வாசலில் நீங்கள். தனியாக, கைத்தடிகூட இல்லாமல்! நாற்காலி எடுத்துப் போட ஓடினேன். நீங்கள் சிரித்துக்கொண்டே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். "அக்கா, மெதுவா! ஹெரு கொன்னுடுவான்!" என்று நான் கத்தினேன். "அதெல்லாம் முடிஞ்சுபோச்சு," என்றீர்கள். எவ்வளவு லேசாக உட்கார்ந்தீர்கள்! பாத்திரத்தையெல்லாம் கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து கழுவிவைத்தீர்கள். நடைதான் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்கிறது. போகப் போகச் சரியாகிவிடும்.

கை மட்டும் ஐஸ் மாதிரி இருந்தது. அந்தப் பழைய பழுப்புக் கைலியில் ஈர மண் வாசனை. வழியில் நல்ல மழை போலிருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று நீங்கள் வாயால் சொல்லவில்லை. ஆனால் என் தலையை மடியில் வைத்து, சின்ன வயதில் மாதிரி பேன் பார்த்தீர்கள். நான் அழுதேன். இரண்டு நாள், அக்கா. இருபது வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல நாட்கள் இந்த இரண்டுதான். வெள்ளிக்கிழமை மாலை என் வீட்டுக்காரர் வந்தபோது நீங்கள் கிளம்பிவிட்டிருந்தீர்கள். பார்க்க முடியவில்லையே என்று அவருக்கு வருத்தம்.

சொன்னபடியே வருகிறேன். செவ்வாய் மாலை பஸ், வியாழன் மதியம் ஜோக்ஜா. வீட்டுக்கு வராமல் நேராக அம்மா பக்கத்துக்கு வரச் சொன்னீர்கள், அப்படியே வருகிறேன். சேர்ந்து நின்று பலகையை எடுத்துவிடலாம் என்றீர்களே, அதுதான் சரி. எனக்கு இடம் தெரியுமா என்று கேட்டீர்கள், அதுதான் சிரிப்பு. கண்ணைக் கட்டிவிட்டாலும் வருவேன்.

உங்கள்
பர்த்திலா

&nbsp;

(மேஜைமேல், தண்ணீர்க் குவளைக்கு அடியில்)
20 ஜூன் 1996, வியாழன், பகல் பதினொரு மணி

பர்த்திலா,

நான் லம்புங்குக்கு வரவில்லை. மார்ச்சிலிருந்து இந்த வீட்டை விட்டு எங்கேயும் போகவில்லை. டர்மியைக் கேள், ஹெருவைக் கேள்.

மர்ஜுகி மூன்று நாள் மாமியார் வீட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் உன் கடிதத்தைக் கொடுத்தான். டர்மியின் கணவர் பஸ் நிலையத்துக்கு ஓடியிருக்கிறார். அவர் உன்னைப் பிடித்துவிட்டால் இங்கே கூட்டிவருவார். அவரைத் தவறவிட்டால் நீ கல்லறைக்குப் போவாய், அதனால் நான் அங்கே போகிறேன். ரிக்‌ஷாவின் இருக்கை தாழ்வு. இரண்டு தலையணை போட்டும் முழங்கால் உயரத்தான் செய்கிறது. நழுவினால் நழுவட்டும், மறுபடி வெட்டிக்கொள்ளலாம். உன்னை மறுபடி வாங்க முடியாது.

நீ முதலில் வீட்டுக்கு வந்துவிட்டால், இங்கேயே இரு. வெளியே போகாதே. நான் திரும்பி வரும்போது கதவைத் திற. ஆனால் பக்கத்தில் வராதே. பாயை விரித்து, உட்கார் என்று சொல். நான் உன்னைத் திட்டுவேன். கைத்தடியால் பாயைத் தள்ளிவிட்டு, கட்டை வைத்த நாற்காலியைக் கேட்பேன். நின்றுகொண்டே கேட்டால் அது நான். வந்து கட்டிக்கொள்.

பாயில் உட்கார்ந்தால் அக்கா என்று கூப்பிடாதே. ஓடு.

கம்ஸினா